சர்க்கரை தாழ்வதை உடல் உணர்த்தாதபோது

மயிலாப்பூரில் மாடவீதிகளை ஒட்டிய தெரு ஒன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பல ஆண்டுகளாக எங்கள் நீரிழிவுப் பிரிவுக்கு வந்துகொண்டிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றியே இங்கு எழுதுகிறோம். வயது எழுபதைக் கடந்தவர். நீரிழிவு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. குறித்த நாளில் தவறாமல் வருவார். அவருடைய குறிப்பேட்டில் நாள், நேரம், சர்க்கரை அளவு, போட்டுக்கொண்ட இன்சுலின் எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில் இருக்கும். சென்ற ஆண்டின் தொடக்கத்தில் அவருடைய மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 6.1 சதவீதமாக இருந்தது. அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் அவரைப் பாராட்டினோம். மற்ற நோயாளிகளுக்கு உங்களை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம் என்றுகூடச் சொன்னதாக நினைவு. அருகில் அமர்ந்திருந்த அவருடைய மனைவி எதுவும் பேசவில்லை. நாங்களும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

மூன்று மாதங்கள் கழித்து ஒரு மாலைப் பொழுதில் அவரை அவசரப் பிரிவுக்கு அழைத்து வந்தார்கள். லஸ் பகுதியில் சாலையைக் கடக்கும்போது நடுவிலேயே நின்றுவிட்டாராம். குடித்திருக்கிறார் என்று நினைத்து முதலில் ஏசிய ஆட்டோ ஓட்டுநர் ஒருவர்தான், பிறகு ஏதோ சரியில்லை என்று உணர்ந்து அவரை ஓரமாக அமரவைத்து, சட்டைப் பையிலிருந்த தொலைபேசியில் வீட்டுக்குத் தகவல் சொல்லியிருக்கிறார். அவசரப் பிரிவில் பார்த்தபோது இரத்தச் சர்க்கரை 38 மில்லிகிராம். நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றிய சில நிமிடங்களில் அவர் பழைய ஆசிரியராகிவிட்டார். "எனக்கு எதுவும் தெரியவில்லையே! படபடப்பு இல்லை, வேர்க்கவில்லை, பசிக்கவும் இல்லை" என்று வியந்தார்.

அப்போதுதான் அவருடைய மனைவி பேசினார். "இது முதல் தடவை இல்லை, டாக்டர். வாரத்தில் இரண்டு மூன்று நாள் சாயங்காலம் இவர் இவராகவே இருக்கமாட்டார். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பார். சர்க்கரை பார்க்கலாமா என்றால் கோபம் வரும். எதையாவது சொல்லிப் பழச்சாறு குடிக்க வைத்துவிடுவேன். கால் மணி நேரத்தில் சரியாகிவிடுவார். அப்புறம் கேட்டால் அப்படி எதுவும் நடக்கவில்லை என்பார்."

அடையாறிலிருந்து ஓடிவந்திருந்த மகள் எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி: "தாழ்ந்தால் தெரிய வேண்டும் இல்லையா? அந்த உணர்வு திரும்ப வருவதற்கு மருந்து எதுவும் கிடையாதா?"

நியாயமான கேள்வி. அதற்கான விடைதான் இக்கட்டுரை.

மணி ஏன் அடிப்பதில்லை

இரத்தத்தில் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குவதைச் சர்க்கரைத் தாழ்வு என்கிறோம். மக்கள் வழக்கில் 'லோ சுகர்'. 54-க்குக் கீழே போனால் அது மூளையின் செயலைப் பாதிக்கக்கூடிய தாழ்வு. பிறர் உதவி இல்லாமல் மீள முடியாத நிலை ஏற்பட்டால், அளவு எதுவாக இருந்தாலும் அது கடுமையான தாழ்வு.

உடலுக்கு இதற்கான காவல் ஏற்பாடு உண்டு. சர்க்கரை 70-ஐ நெருங்கும்போதே கணையத்திலிருந்து குளுக்ககான் என்னும் இயக்குநீரும், சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலினும் வெளிப்படும். கல்லீரல் தன் இருப்பிலிருந்து குளுக்கோஸை இரத்தத்தில் விடும். அட்ரினலினும் அதனோடு விழித்தெழும் நரம்புகளும்தாம் நமக்கு எச்சரிக்கை மணி. கை நடுக்கம், படபடப்பு, குளிர்ந்த வியர்வை, திடீர்ப் பசி எல்லாம் அவற்றின் வேலை. மூளை தடுமாறுவதற்கு முன்பே இந்த மணி அடித்துவிடுவதால், மனிதர் எழுந்து போய் எதையாவது சாப்பிட்டுத் தப்பித்துவிடுகிறார்.

நீண்ட நாள் நீரிழிவில், குறிப்பாக இன்சுலின் தேவைப்படும் நிலையில், குளுக்ககான் உதவிக்கு வருவது முதலில் நின்றுபோகிறது. மிஞ்சுவது அட்ரினலின் மட்டுமே. சர்க்கரை அடிக்கடி தாழ்ந்தால் மூளை அந்தத் தாழ்ந்த அளவுக்கே பழகிக்கொள்கிறது. 65-இல் அடிக்க வேண்டிய மணி 50-இல் அடிக்கும், பிறகு 40-இல். அதற்குள் மூளை குழம்பிவிடுகிறது. குழம்பிய மூளைக்குத் தான் குழம்பியிருப்பது தெரியாது. மாம்பலம் ரயில் நிலையத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், இரவில் ரயில் போகும் சத்தம் தங்களுக்குக் கேட்பதே இல்லை என்பார்கள். விருந்தாளிக்குத்தான் தூக்கம் கெடும். ரயில் என்னவோ போய்க்கொண்டுதான் இருக்கிறது.

இதை மருத்துவ உலகம் அறிந்தது இன்று நேற்றல்ல. லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையைச் சேர்ந்த ஆர்.டி. லாரன்ஸ் என்ற மருத்துவர், இன்சுலின் போட்டுக்கொள்பவர்களிடம் ஆண்டுகள் செல்லச் செல்லத் தாழ்வின் அறிகுறிகள் மாறிப்போவதை 1941-லேயே எழுதியிருக்கிறார். அவரே நீரிழிவாளர், 1923-இல் இன்சுலின் கைக்கு வந்ததால் உயிர் பிழைத்தவர். ஆனால் இது ஏன் நிகழ்கிறது என்பது அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஃபிலிப் க்ரையர் குழுவினர் 1990-களில் செய்த ஆய்வுகளுக்குப் பிறகுதான் தெளிவாயிற்று. ஒரு நாள் பிற்பகலில் ஏற்படும் ஒரே ஒரு தாழ்வுகூட மறுநாள் காலை உடல் எழுப்பவேண்டிய எச்சரிக்கையை மந்தமாக்கிவிடுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். தாழ்வு எச்சரிக்கையை மழுக்குகிறது. மழுங்கிய எச்சரிக்கை அடுத்த தாழ்வுக்கு வழிவிடுகிறது.

யாருக்கு இந்த நிலை இருக்கிறது என்று அறிவதற்குப் பெரிய பரிசோதனை எதுவும் வேண்டியதில்லை. எடின்பரோவில் 1994-இல் வகுக்கப்பட்ட ஒரு கேள்வி போதும்: உங்களுக்குச் சர்க்கரை தாழத் தொடங்கும்போது அது உங்களுக்குத் தெரிகிறதா? எப்போதும் தெரிகிறது என்பதற்கு 1, ஒருபோதும் தெரிவதில்லை என்பதற்கு 7 என்று மதிப்பெண் இட்டுக்கொள்ளுங்கள். 4 அல்லது அதற்கு மேல் என்றால் உணர்வு மங்கியிருக்கிறது என்று பொருள். முதல் வகை நீரிழிவில் அப்படிப்பட்டவர்களுக்குக் கடுமையான தாழ்வு ஏறக்குறைய ஆறு மடங்கு அதிகம் நேர்ந்ததை அதே ஆய்வு கண்டது. இந்தக் கேள்வியை நோயாளியிடம் மட்டுமல்லாமல் அவரோடு வாழ்பவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும் என்பது அந்த மாலைக்குப் பிறகு எங்கள் பிரிவில் நாங்கள் வகுத்துக்கொண்ட வழக்கம். இருவர் சொல்லும் மதிப்பெண்ணும் பல நேரங்களில் ஒத்துப்போவதில்லை. அப்படி மாறுபட்டால் நாங்கள் வீட்டாரின் மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்கிறோம்.

மாத்திரை உண்டா?

தேடாமல் இல்லை. கடந்த முப்பது ஆண்டுகளில் பல மருந்துகள் இதற்காகச் சோதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் முதலாவது நம் வாசகர்களுக்குப் பிடித்தமானது: காபியில் இருக்கும் கஃபீன். கஃபீன் மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைச் சற்றுக் குறைத்து, அட்ரினலின் வெளிப்பாட்டைக் கூட்டுகிறது. அதனால் சர்க்கரை குறைவதை மூளை கொஞ்சம் முன்னதாகவே உணர்கிறது. 1990-களில் பிரிட்டனில் நடந்த ஆய்வுகளில், கஃபீன் எடுத்துக்கொண்டவர்கள் தாழ்வின் அறிகுறிகளைக் கூடுதலாக உணர்ந்தார்கள். மயிலாப்பூர் வாசகர்கள் உடனே டிகாக்‌ஷனை இன்னும் கெட்டியாக இறக்கத் தொடங்க வேண்டாம். அந்த ஆய்வுகள் சிறியவை. சில மாதங்களே நீடித்தவை. அளந்த மாத்திரைகளில் கொடுக்கப்பட்டவை. தாழ்வு உணர்வுக்கான மருந்தாகக் காபியை நாங்கள் யாருக்கும் எழுதித் தருவதில்லை. வழக்கமாகக் குடிப்பவரை நிறுத்தச் சொல்வதும் இல்லை.

ஆஸ்துமாவுக்குத் தரப்படும் தியோஃபிலின் கஃபீனுக்கு உறவான மருந்து. அதுவும் நெதர்லாந்தில் நடந்த ஆய்வில் நல்ல விளைவைக் காட்டியது. ஆனால் பயன்தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடையே அதில் இடைவெளி குறைவு. முதியவர்களின் இதயத்துடிப்பை அது கலைத்துவிடும். இன்னோர் ஆஸ்துமா மருந்தான டெர்ப்யூட்டலினைப் படுக்கும் நேரத்தில் கொடுத்தபோது நள்ளிரவுத் தாழ்வுகள் தடுக்கப்பட்டன. அதற்கு விலையாகக் காலையில் சர்க்கரை ஏறியது. அபின் வகை மருந்துகளின் விளைவை முறிக்கும் நலாக்சோன், மனச்சோர்வுக்கான ஃப்ளூக்ஸெடின், விழிப்பூட்டும் மொடாஃபினில், கணையத்திலும் மூளையிலும் உள்ள ஒரே வகை வாயில்களைத் திறக்கும் டயசாக்சைட் ஆகியவையும் ஆராயப்பட்டன. ஒவ்வொன்றும் ஆய்வகத்தில் ஏதோ ஒரு நன்மையைக் காட்டியது. அவற்றில் எதுவும் அன்றாட மருத்துவத்துக்கு வந்து சேரவில்லை. இதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இன்று இல்லை.

முதல் வகை நீரிழிவில், கொடையாளரின் கணையத்திலிருந்து பிரித்தெடுத்த இன்சுலின் செல்களைப் பொருத்தும் சிகிச்சை இந்த உணர்வை மீட்டிருக்கிறது. அடிக்கடி கடுமையான தாழ்வுக்கு ஆளாகும் முதல் வகை நோயாளிகளுக்காக அத்தகைய செல் சிகிச்சை ஒன்றுக்கு அமெரிக்கா 2023-இல் அனுமதி அளித்தது. உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை அதற்குப் பிறகும் தொடர வேண்டும். நம் ஆசிரியரைப் போன்ற, இரண்டாம் வகை நீரிழிவுள்ள எழுபது வயதுக்காரருக்கு அது வழியல்ல.

மகளிடம் நாங்கள் சொன்னது இதுதான்: "புதிய மருந்து கொடுப்பதில் இதற்கு விடை இல்லை. அப்பா இப்போது எடுத்துக்கொள்கிற மருந்துகளில்தான் இருக்கிறது."

குறைப்பதும் மருத்துவமே

1993, 1994-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் ஒரு நம்பிக்கையான செய்தியைத் தந்தன. சர்க்கரை தாழாமல் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டால், மங்கிய உணர்வு பெருமளவுக்குத் திரும்புகிறது. இருபது, முப்பது ஆண்டுகள் நீரிழிவோடு வாழ்ந்தவர்களுக்கும் இது பொருந்தியது. பின்னர் பிரிட்டனில் 96 பேரிடம் 24 வாரங்கள் நடந்து, 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், சிலருக்கு இன்சுலின் பம்ப், சிலருக்கு ஊசி, சிலருக்குத் தொடர்ந்து அளக்கும் கருவி, சிலருக்கு விரல்நுனிச் சோதனை என்று பிரித்துக் கொடுத்தார்கள். எல்லாப் பிரிவினருக்கும் உணர்வு ஒரே அளவில் மேம்பட்டது. தாழ்வைத் தவிர்க்கக் கற்றுக்கொடுத்ததும் வாரந்தோறும் அக்கறையாகக் கவனித்ததும் எல்லோருக்கும் பொதுவாக இருந்தன. விலை உயர்ந்த கருவி வாங்க இயலவில்லையே என்று வருந்தும் குடும்பங்களுக்கு இதை நாங்கள் அடிக்கடி சொல்கிறோம்.

ஆனால் குறைப்பது எளிதன்று. இராயபுரத்தில் டாக்டர் எம். விஸ்வநாதன் 1954-இல் நீரிழிவுக்கென்றே மருத்துவமனை தொடங்கிய ஊர் இது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளிவந்த கணக்கு, கோபாலபுரத்தில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அமைப்பு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து செய்த ஆய்வின் முடிவு. உயர் சர்க்கரை கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் கெடுக்கும் என்று இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு இந்நகரம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அது உண்மையும்கூட. அதனால் 250 என்று வந்தால் வீடே பதறுகிறது. 62 என்று வந்தால் 'பரவாயில்லை, நன்றாகக் கட்டுப்பட்டிருக்கிறது' என்று மகிழ்கிறது. மருத்துவர்களாகிய நாங்களும் அந்த மகிழ்ச்சியில் பங்கேற்றிருக்கிறோம் என்பதற்கு இக்கட்டுரையின் முதல் பத்தியே சான்று.

சர்க்கரையை இறுக்கிப் பிடிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. முதல் வகை நோயாளிகளிடம் நடந்து 1993-இல் வெளிவந்த புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வில், தீவிரச் சிகிச்சை கண், சிறுநீரகப் பாதிப்புகளைப் பெரிதும் குறைத்தது. கடுமையான தாழ்வுகளை ஏறக்குறைய மூன்று மடங்காக்கியது. இதயநோய் அபாயம் மிகுந்த இரண்டாம் வகை நோயாளிகள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் எச்பிஏ1சி-யை 6-க்குக் கீழே கொண்டுவர முயன்ற மற்றோர் ஆய்வில், தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இறப்பு கூடியதால் 2008-இல் அம்முயற்சி பாதியிலேயே நிறுத்தப்பட்டது. இளைஞருக்கு உரிய இலக்கை எழுபது வயதினருக்கு வைப்பது தவறு. உணர்வு மங்கிய முதியவருக்கு 7.5-க்கும் 8-க்கும் இடையில் இருந்தால் போதும் என்பதே எங்கள் பொதுவான நிலைப்பாடு.

ஆசிரியரின் கோப்பைத் திரும்பப் புரட்டினோம். காலையும் இரவும் 30/70 கலவை இன்சுலின். அதோடு கிளிமெபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரை. இரண்டு ஆண்டுகளில் அவருடைய சிறுநீரகச் செயல்பாடு படிப்படியாகக் குறைந்திருந்தது. அந்த எண்கள் எல்லாம் எங்கள் கோப்பிலேயே இருந்தன. மருந்தின் அளவை யாரும் குறைக்கவில்லை. சிறுநீரகம் தளர்ந்தால் இன்சுலின் உடலில் அதிக நேரம் தங்கும். கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளும் அப்படியே. எந்த முயற்சியும் இல்லாமல் ஒருவருடைய சர்க்கரை தானாகவே 'நன்றாகி'க்கொண்டு வந்தால், முதலில் அவருடைய சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும்.

கிளிமெபிரைடு, கிளிக்லசைடு, பழைய கிளிபென்கிளமைடு ஆகியவை உணவு உண்டாலும் உண்ணாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளிக்கொணர்பவை. இவற்றுள் கிளிபென்கிளமைடு அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனமே கூறுகிறது. மலிவான சிறிய மாத்திரை என்பதால் பழைய மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வாங்கி உண்பவர்களை இன்னும் காண்கிறோம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக 2021 முதல் வீட்டுக்கே மாத்திரைகள் வருகின்றன. அது பெரிய உதவி. அதோடு வேறொரு மருத்துவர் எழுதிய மாத்திரையும் சேர்ந்து, ஒரே வகை மருந்து இரண்டு பெயர்களில் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வரும்போது எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வந்தால் நாங்களே பிரித்துத் தருவோம்.

கலவை இன்சுலினுக்கு வேறொரு பிடிவாதம் உண்டு: அது போட்டால் குறித்த நேரத்தில் சாப்பிட்டே ஆக வேண்டும். மார்கழியில் ஏழு மணிக்கு ஊசி போட்டுக்கொண்டு கச்சேரிக்குப் போய், தனி ஆவர்த்தனம் முடியட்டும் என்று இருந்து, ஒன்பதரைக்கு மேல் சிற்றுண்டிச் சாலையில் வரிசையில் நிற்பவர்கள் எங்கள் நோயாளிகளில் உண்டு. தீபாவளிக்கு முந்தைய வாரம் தியாகராய நகரில் கடை கடையாக ஏறி இறங்குவதும், வெறும் வயிற்றில் பெசன்ட் நகர்க் கடற்கரையில் இரண்டு சுற்றுக் கூடுதலாக நடப்பதும், ஏகாதசி, சஷ்டி, ரம்ஜான் நோன்புகளும் அப்படியே. விரதம் இருக்கக் கூடாது என்று நாங்கள் பொதுவாகச் சொல்வதில்லை. ஆனால் தாழ்வு தெரியாதவர்கள், அந்த உணர்வு திரும்பும் வரையிலாவது விரதத்தைத் தள்ளிவைக்க வேண்டும்.

ஆசிரியருக்கு நாங்கள் செய்த மாற்றங்கள் இவை. கிளிமெபிரைடை அறவே நிறுத்தினோம். கலவை இன்சுலினுக்குப் பதிலாக, நாள் முழுதும் ஒரே சீராக இயங்கும் டெக்லுடெக் இன்சுலினைக் காலையில் ஒரு வேளை, குறைந்த அளவில் தொடங்கினோம். பழைய கிளார்ஜினோடு ஒப்பிட்டபோது இதனால் கடுமையான தாழ்வு குறைவாக ஏற்பட்டதைப் பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாமாகச் சர்க்கரையைத் தாழ்த்தும் இயல்பில்லாத கிளிப்டின் வகை மாத்திரை ஒன்றைச் சேர்த்தோம். மெட்ஃபார்மினைச் சிறுநீரகத்துக்கு ஏற்பக் குறைத்தோம். கை நடுக்கத்துக்காக வேறிடத்தில் கொடுக்கப்பட்டிருந்த புரோப்ரனலால் மாத்திரையையும், அதை எழுதிய மருத்துவரிடம் பேசிய பின் மெதுவாக நிறுத்தினோம். அம்மாத்திரை படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. பீட்டா தடுப்பான் எடுத்துக்கொள்பவர்கள், திடீரென்று வேர்த்தால் அதை வெயிலின் மேல் போட்டுவிடாமல் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் அம்மருந்தை நிறுத்துவது ஆபத்து என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வோக்லிபோஸ் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறோம், ஏனெனில் இதைப் பலரும் அறிந்திருப்பதில்லை. வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரைகள் வீட்டுச் சர்க்கரை குடலில் உடைபடுவதைத் தாமதப்படுத்துபவை. ஆகவே இவற்றை உண்பவருக்குச் சர்க்கரை தாழும்போது சர்க்கரைத் தண்ணீரோ கற்கண்டோ மிட்டாயோ கொடுத்தால் உடனே பயன் கிடைக்காது. மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். மூன்று தேக்கரண்டிப் பொடியைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மீண்டும் கொடுங்கள். ஏறிய பிறகு இரண்டு இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிடட்டும். சாக்லேட்டும் ஐஸ்கிரீமும் வேண்டாம். அவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு வகையால் வந்த தாழ்வு என்றால், ஒருமுறை சரியான பிறகும் அதே நாளில் மறுபடி இறங்கக்கூடும். மருத்துவமனையில் வைத்துக் கவனிப்பதே நல்லது.

இன்னொன்று, ஊசிக்குழல். நம் நாட்டில் இன்சுலின் ஒரு மில்லிலிட்டரில் 40 அலகு கொண்டதாகவும் 100 அலகு கொண்டதாகவும் கிடைக்கிறது. சிவப்பு மூடியுள்ள ஊசிக்குழல் 40 அலகுக்கு உரியது; ஆரஞ்சு மூடி 100 அலகுக்கு உரியது. 100 அலகு இன்சுலினைச் சிவப்பு மூடி ஊசிக்குழலில் எடுத்தால், போட நினைத்ததைப் போல் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். கடையில் 'இது இல்லை, அது இருக்கிறது' என்று மாற்றிக் கொடுக்கும்போது புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

வீட்டிலும் ஓர் ஒப்பந்தம் தேவைப்பட்டது. தாழ்வு நேரத்தில் ஆசிரியருக்கு வரும் கோபம் அவருடைய இயல்பல்ல, குளுக்கோஸ் கிடைக்காத மூளையின் கோபம் என்பதை அவர் நன்றாக இருக்கும்போது உட்காரவைத்து விளக்கினோம். அதை ஏற்றுக்கொள்ள அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. மாணவர்கள் முன் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை என்று சொல்லிக்கொள்பவர் அவர். கடைசியில் அவரே ஒரு விதி சொன்னார்: மனைவி குளுக்கோஸ் தம்ளரை முன்னால் வைத்தால் முதலில் குடித்துவிட வேண்டும், வாதம் எல்லாம் பிறகு. அவர் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்த அந்தத் தாள் அவர்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருப்பதாக மகள் சொன்னார். சர்க்கரை 90-க்கு மேல் இல்லாமல் ஸ்கூட்டரை எடுக்கக் கூடாது என்பதும் அதில் இரண்டாவது வரி.

எட்டு வாரங்கள் இப்படிப் போயின. காலை உணவுக்கு முன் 110 முதல் 150 வரை இருக்கட்டும், படுக்கும்போது 130-க்குக் குறைய வேண்டாம் என்று எல்லையை வகுத்துக்கொண்டோம். இது அவருக்கென்று வகுத்தது, எல்லோருக்கும் பொருந்தாது. முதல் இரண்டு வாரங்களுக்குத் தோளில் ஒட்டும் உணர்கருவி வைத்தோம். விடியற்காலை மூன்று மணிக்கும் அவருக்குத் தாழ்ந்துகொண்டிருந்ததை அதுதான் காட்டிக்கொடுத்தது. அவரும் அறியவில்லை, அருகில் உறங்கிய மனைவியும் அறியவில்லை. அளவை மேலும் குறைத்தோம். குறிப்பேட்டில் 170, 180 என்ற எண்களைத் தன் கையால் எழுதும்போது அவருக்கு மனம் கூசியது. தொலைபேசியில் அழைத்து, "இது சரிதானா? தேர்ச்சி பெற்றவனை நீங்கள்தான் இப்போது தோல்வியடையச் செய்கிறீர்கள்" என்று குறைப்பட்டுக்கொண்டார். சரிதான் என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருந்தது.

ஒன்பதாவது வாரத்தில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு அழைப்பு வந்தது. நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது கை நடுங்கி, நெற்றி வேர்த்ததாம். பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்த கருவியில் பார்த்திருக்கிறார்: 66. குளுக்கோஸைக் குடித்துவிட்டு அங்கிருந்தே பேசினார். "வேர்த்தது, டாக்டர்! எனக்கே தெரிந்தது!" என்றார், பரிசு பெற்ற பிள்ளையைப் போல.

நாங்களும் மகிழ்ந்தோம். ஆனால் 66-உம் தாழ்வுதான். மறுநாளிலிருந்து இன்சுலினை இரண்டு அலகு குறைக்கச் சொன்னோம். நடைக்கு முன் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போகவும் சொன்னோம். அடுத்த முறை வரும்போது அவருடைய எச்பிஏ1சி 7.6. மனைவியைத் தனியாக அழைத்து அதே கேள்வியைக் கேட்டோம். "ரெண்டு" என்றார். சற்று யோசித்துவிட்டு, "ராத்திரிக்கு மட்டும் மூணு என்று போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். கோப்பில் அப்படியே எழுதிக்கொண்டோம்.